வானம் எப்படி இருந்தாலும் நாள் நன்றாகப் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை, வெயில், பனி, புழுக்கம் எதுவானாலும் அன்றைய சந்தோஷத்தை அதன் கையில் கொடுத்துவிடாமல் இருப்பது எப்படி? இதையொட்டிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எண்ணம் ஓடுகிறது. வானிலை நம் மனத்தை நேராகத் தொடுவது கொஞ்சம்தான். அதைச் சாக்காக வைத்து நாம் கைவிடும் நடை, தூக்கம், வெளிச்சம், மனிதர்கள் ஆகியவற்றின் வழியாகத்தான் அது பெரும்பாலும் நம்மை வாட்டுகிறது.

வானிலை உண்மையிலேயே மனநிலையை மாற்றுகிறதா?

மாற்றுகிறது, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 2008-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அன்றாட மனநிலையைக் குறித்துவந்தார்கள். அந்தக் குறிப்புகளை அந்தந்த நாளின் வெப்பம், காற்று, வெயில், மழை அளவுகளோடு ஒப்பிட்டார்கள். எரிச்சல், வாட்டம் போன்ற உணர்வுகளில் சிறு ஏற்ற இறக்கம் தெரிந்தது. வெயில் குறைந்த நாட்களில் அசதி சற்றுக் கூடியது. சராசரியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன மாற்றங்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய இருந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

அப்படியென்றால் மழை நாளில் வாழ்க்கையே சரியில்லை என்று ஏன் தோன்றுகிறது?

மனம் மந்தமாக இருக்கும்போது அதற்கு ஒரு காரணம் தேடுகிறோம், கைக்கு எட்டுகிற காரணத்தைப் பிடித்துக்கொள்கிறோம். வேலை சரியில்லை, உறவு சரியில்லை, நான் சரியில்லை என்று எண்ணம் எங்கெங்கோ போய்விடும்.

இதைப் பற்றி நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் குளோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெயிலான நாட்களிலும் மழை நாட்களிலும் மக்களைத் தொலைபேசியில் அழைத்து, 'உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது?' என்று கேட்டார்கள். மழை நாளில் பேசியவர்கள் தங்கள் மொத்த வாழ்க்கைக்கே குறைந்த மதிப்பெண் போட்டார்கள். ஆனால் பேச்சின் தொடக்கத்தில் 'அங்கே வானிலை எப்படி?' என்று போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இந்த மந்தத்துக்கு மழைதான் காரணம் என்று நினைவு வந்ததும் வாழ்க்கையை அதில் இழுக்காமல் விட்டுவிட்டார்கள்.

பிற்பாடு 2013-இல் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களை வைத்துப் பார்த்தபோது, வாழ்க்கைத் திருப்தியின் மீது அன்றைய வானிலைக்கு நம்பத்தக்க தாக்கம் எதுவும் தெரியவில்லை. எனவே பழைய ஆய்வின் எண்களைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அதிலிருந்து கிடைக்கும் பழக்கம் மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும்: மனம் காரணமில்லாமல் கனக்கும் நாளில் முதலில் ஜன்னலைப் பாருங்கள், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பிட்டோமா என்று பாருங்கள். வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பை மறுநாளைக்கு ஒத்திப்போடுங்கள்.

நல்ல வானிலை உள்ள ஊருக்குக் குடிபோய்விட்டால் சந்தோஷம் கூடுமா?

கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். 1998-இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களையும் கலிபோர்னியா மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். கலிபோர்னியாவின் வானிலை இதமானது, மத்திய மேற்கின் குளிர்காலம் கொடியது. இரண்டு பக்கத்து மாணவர்களும் கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று ஊகித்தார்கள். தங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோதோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியைச் சொன்னது.

காரணம் எளிது. ஓர் ஊரைத் தூரத்திலிருந்து நினைக்கும்போது அதன் வானம்தான் கண்ணில் படுகிறது. அங்கே போய் வாழும்போது வேலை, நண்பர்கள், உடல்நலம், பணம், பயண நேரம் என்று நாள் நிறைந்துவிடுகிறது, வானம் பின்னால் போய்விடுகிறது. உடல்நலக் காரணத்துக்காகவோ கடும் வெப்பத்திலிருந்து தப்பவோ இடம் மாறுவது வேறு விஷயம். மனம் மாறும் என்பதற்காக மட்டும் மாறுவதாக இருந்தால் பொறுமையாக யோசிக்கலாம்.

எனக்கு மழை என்றால் உயிர், வீட்டில் மற்றவர்களுக்கு மழை என்றாலே சிடுசிடுப்பு. யாரிடம் கோளாறு?

யாரிடமும் இல்லை. 2011-இல் நெதர்லாந்தில் பதின்வயதினரையும் அவர்களுடைய தாய்மார்களையும் வைத்து நடத்திய ஆய்வில் நான்கு வகை மனிதர்கள் தென்பட்டார்கள். கோடையை விரும்புகிறவர்கள், கோடையை வெறுக்கிறவர்கள், மழையை வெறுக்கிறவர்கள், எதற்கும் அசையாதவர்கள். இந்தத் தன்மை தாய்க்கும் பிள்ளைக்கும் ஓரளவு ஒத்துப்போனது என்பதும் அதில் தெரிந்தது.

நீங்கள் எந்த வகை என்று ஊகிக்காமல் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. சில வாரங்கள், இரவு படுக்கும் முன் நாளுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: வானம் எப்படி இருந்தது, தூக்கம் எப்படி, வெளியே போனேனா, யாரோடு பேசினேன், மனம் எப்படி. திருப்பிப் படித்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மழையைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில் பாதி, சரியாகத் தூங்காத நாட்களாக இருக்கலாம். யாரோடும் பேசாத நாட்களாகவும் இருக்கலாம்.

வீட்டில் வகைகள் வேறுவேறாக இருந்தால் அதைச் சொல்லிவிடுவதே பெரிய உதவி. 'புழுக்கம் வந்தால் எனக்கு வார்த்தை தடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்று முன்கூட்டியே சொன்ன வீட்டில் பாதிச் சண்டை வராது.

மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாளில் ஏன் இவ்வளவு சோம்பல்?

வெளிச்சம்தான் முக்கியக் காரணம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் விழித்திரையில் பார்ப்பதற்கு உதவும் செல்களோடு, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இன்னொரு வகைச் செல்களும் உண்டு. உருவங்களைக் காட்டுவது இவற்றின் முக்கிய வேலை இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்ற செய்தியை மூளையில் உள்ள உயிர்க்கடிகாரத்துக்கு அனுப்புவதுதான் வேலை. காலையில் போதுமான வெளிச்சம் கண்ணில் பட்டால் பகல் தொடங்கிவிட்டது என்று உடல் புரிந்துகொள்கிறது. அந்தச் செய்தி மங்கலாக வந்தால் பகலில் தூக்கக் கலக்கமும் இரவில் தூக்கம் வராமையும் சேர்ந்தே வரும்.

இப்போது எண்களைப் பாருங்கள். நல்ல விளக்குகள் உள்ள அலுவலக அறையில் வெளிச்சம் சுமார் 300 முதல் 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வீட்டு அறைகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நேரடி வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை போகும். மேகம் மூடிய நண்பகலில் கூட வெளியே 10,000 லக்ஸ் இருப்பது சாதாரணம், கருமேகம் அடர்ந்தாலும் பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல் நிற்கும். அதாவது இருண்டு கிடப்பதாகத் தோன்றும் அந்த வானமும் உங்கள் அறையின் விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

எனவே மப்பான நாளில்தான் வெளியே போவது அதிக அவசியம். காலையில் இருபது நிமிட நடை போதும். தூறலாக இருந்தால் குடை, காற்றாக இருந்தால் தடித்த சட்டை. அதுவும் முடியாதென்றால் ஜன்னலுக்கு மிக அருகில் உட்காருங்கள். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று எட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அடைமழை, வெளியே காலே வைக்க முடியாது. அந்த நாளை என்ன செய்வது?

ஒரு திட்டம் ரத்தாகும்போது அதிலிருந்து நமக்குக் கிடைக்க இருந்தது என்ன என்று கேட்டுப்பாருங்கள். மாலை நடை போச்சு என்றால், போனது உடல் அசைவா, தனிமையா, கூட வரும் நண்பரின் பேச்சா? நண்பரின் பேச்சுதான் என்றால் தொலைபேசியில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடக்கலாம். தனிமைதான் தேவைப்பட்டது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் இருக்கலாம். நடைக்குப் பதில் நடை தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், நடை எதைத் தந்ததோ அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

இதை மழை வந்த பிறகு யோசித்தால் ஓடாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் ஒரு முறை இங்கே கைகொடுக்கும். 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்பே முடிவு செய்து வைப்பது. 'மழை பெய்தால் காலை ஏழு மணிக்கு மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குவேன்' என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். 'மழை பெய்தால் ஏதாவது உடற்பயிற்சி செய்யலாம்' என்று வைத்தால் அன்றைக்கு எதுவுமே நடக்காது.

இன்னொன்று, கவனம் தேவைப்படும் வேலைகளுக்கு மழை நாள் உண்மையிலேயே நல்ல நாள். ஜப்பானிய வங்கி ஒன்றின் ஊழியர் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, மழை நாட்களில் அவர்கள் வேலையை வேகமாக முடித்ததைக் காட்டியது. வெளியே போய்ச் செய்யக்கூடியவற்றின் நினைப்பு குறுக்கிடாததே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நாள்கணக்காகத் தள்ளிப்போட்ட கணக்கு வழக்கு, படிவம், அலமாரி எல்லாவற்றையும் மழை நாளுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். முடித்த திருப்தி அன்று மாலை முழுக்கக் கூட வரும்.

மழையைச் சமாளித்துவிடலாம். வெயிலும் புழுக்கமும் வந்தால் மனிதர்கள் மேலேயே வெறுப்பு வருகிறதே?

வெப்பத்தை மற்றவற்றோடு சேர்த்துப் பேசக்கூடாது. மழையும் மேகமும் பெரும்பாலும் மனத்தின் விஷயம், வெப்பம் உடலின் விஷயம். 'மனத்தைத் திடமாக வைத்துக்கொள்' என்ற அறிவுரைக்கு இங்கே இடமில்லை.

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால்தான். காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை, உடல் சூடு இறங்குவதில்லை. அதனால்தான் வறண்ட வெயிலைவிடப் புழுக்கம் அதிகமாக வதைக்கிறது. அதோடு, தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்று இறங்கியாக வேண்டும். வெக்கையான இரவில் அது இறங்காது. மறுநாள் நீங்கள் உணரும் எரிச்சலில் பெரும்பகுதி தூக்கம் கெட்ட எரிச்சல்.

எனவே வெயில் காலத்தில் சந்தோஷத்துக்கான முதல் வேலை தூக்கத்தைக் காப்பது. பகலில் வெயில் விழும் ஜன்னல்களைத் திரையிட்டு மூடுங்கள், வெளியே உள்ளதைவிட உள்ளே சூடாக இருக்கும் இரவு நேரத்தில் திறந்துவிடுங்கள். படுக்கும் முன் குளிப்பது, ஈரத் துணியால் கை கால்களைத் துடைப்பது இரண்டும் உதவும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். மின்விசிறியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் விசிறிக் காற்று உடலைக் குளிர்விக்காது, மேலும் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது குளிர்ச்சியான வேறோர் இடத்துக்குப் போய்விடுவதுதான் வழி.

முக்கியமான பேச்சுகளையும் சச்சரவுகளையும் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வெடிக்கும் விஷயம் மாலை ஏழு மணிக்குச் சாதாரணப் பேச்சாக முடிந்துவிடும்.

மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: சில மருந்துகள் உடலின் வெப்பம் தாங்கும் திறனைக் குறைக்கும். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தாக ஏறலாம். வெயில் காலம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

வெளியிலேயே வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தாது. கொளுத்தும் வெயிலிலோ கொட்டும் மழையிலோ நின்று வேலை செய்பவரிடம் மனநிலையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. அவருக்குத் தேவை நிழல், தண்ணீர், இடைவேளை, காய்ந்த உடை, நேர மாற்றம். இவை கிடைத்தால் மனம் தானாகவே தேறும். அவரை வேலைக்கு வைத்திருப்பவர் நீங்களானால், இந்தப் பக்கத்தில் உங்களுக்கான பதில் இதுதான்.

'மழையை ரசி, வெயிலை ரசி' என்கிறார்கள். பிடிக்காததைப் பிடித்ததுபோல் நடிப்பது பொய்யில்லையா?

பொய்தான், நடிக்க வேண்டாம். மழை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத ஒன்றின் உள்ளேயும் பிடித்த ஒரு துண்டு இருக்கலாம், அதை மட்டும் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. முதல் மழையில் எழும் மண்வாசனையை வெறுப்பவர்கள் குறைவு. 1964-இல் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த வாசனையை ஆராய்ந்து பெட்ரிக்கோர் என்று பெயர் வைத்தார்கள். வறண்ட காலத்தில் மண்ணிலும் பாறையிலும் படியும் தாவர எண்ணெய்கள் அதில் ஒரு பகுதி. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் இன்னொரு பகுதி. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே ஜியோஸ்மினை மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அவ்வளவு கூர்மையான புலனை வைத்துக்கொண்டு, கைபேசியில் மழை அளவைப் பார்த்துக்கொண்டே அந்த வாசனையைத் தவறவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒரு நிமிடம் போதும். வெளியே எட்டிப் பார்த்து ஒரு சத்தம், ஒரு வாசனை, தோலில் ஓர் உணர்வு. அவ்வளவுதான். அதன் பிறகும் மழையைத் திட்டலாம்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சும்மா சொல்லவில்லை. தொடர்ந்து இதமாகவே இருக்கும் எதற்கும் மனம் பழகிவிடுகிறது. ஈரத்தோடு வந்து காய்ந்த துணி மாற்றும்போது கிடைக்கும் சுகம் காய்ந்த நாளில் கிடைக்காது.

வெளியே அருமையான நாள், ஆனால் எனக்கு வீட்டில் இருக்கத்தான் பிடிக்கிறது. குற்ற உணர்வாக இருக்கிறது.

வேண்டாம், நாளை வீணாக்கியதாக யாரும் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் ஒரு தகவல்: 2005-இல் வெளியான ஆய்வொன்றில், இளவேனில் காலத்து இதமான வானிலை மனநிலையை உயர்த்தியது வெளியே நேரம் செலவிட்டவர்களுக்கு மட்டும்தான். அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களிடம் அந்தப் பலன் தெரிந்தது. உள்ளேயே இருந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

எதுவும் செய்யவே மனம் வராத நாளில்?

மனம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதுதான் சிக்கல். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் செயல்வழித் தூண்டல் என்ற முறை 1970-களிலிருந்து வளர்ந்துவருகிறது. அதில் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள்: முதலில் சின்னதாக ஒரு செயல், மனம் பின்னால் வரும். குளிப்பது, படுக்கையைச் சரிசெய்வது, ஒரே ஒரு பாத்திரம் கழுவுவது. செயல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. செய்து முடித்ததும் மனம் பொங்கிவிடாது. சற்று அசையும், அந்த அசைவு அடுத்த செயலுக்குப் போதும்.

வானிலைச் செய்தியை நாளுக்குப் பலமுறை பார்க்கிறேன். தவறா?

புயல், வெள்ளம், வெப்ப அலை எச்சரிக்கை உள்ள நாட்களில் பார்க்கத்தான் வேண்டும். மற்ற நாட்களில் காலையில் ஒருமுறை பார்த்து, குடையா தொப்பியா என்று முடிவு செய்துவிட்டு மூடிவிடுங்கள்.

வெறும் மந்தம் எது, மருத்துவரைப் பார்க்க வேண்டியது எது?

ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் சோர்வு வந்து, மாதக்கணக்கில் தங்கி, பருவம் மாறியதும் போனால் அது பருவகால மனச்சோர்வாக இருக்கலாம். 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விவரித்து எழுதினார்கள். குளிர்காலத்தில் வரும் வகையில் தூக்கமும் பசியும் கூடும், மாவுப் பண்டங்களின் மீது ஆசை வரும், ஆட்களைத் தவிர்க்கத் தோன்றும். அரிதாகக் கோடையில் வரும் வகையில் தூக்கமும் பசியும் குறைந்து பதற்றம் கூடும்.

இது சோம்பேறித்தனமில்லை, சிகிச்சை உள்ள நோய். குளிர்கால வகைக்குக் காலையில் சுமார் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காரும் ஒளிச் சிகிச்சை, பேச்சுவழிச் சிகிச்சை, மருந்து எல்லாம் உண்டு. கண் நோய் உள்ளவர்களும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒளிச் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது.

பருவம் எதுவானாலும் சரி, இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் கனத்தே இருந்தால், பிடித்தவற்றில் கூட ஈடுபாடு போய்விட்டால், மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், அவசர உதவியை நாடுங்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் வானிலையைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சுதானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2014-இல் வெளியான ஆய்வுக்காக நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள் சிகாகோவில் ரயில், பேருந்துப் பயணிகளிடம் சில சோதனைகள் நடத்தினார்கள். சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரை மௌனமாகப் போகச் சொன்னார்கள். பேசினால் பயணம் கசக்கும் என்றுதான் பயணிகள் நினைத்தார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது.

அப்படி ஒரு பேச்சைத் தொடங்க வானிலையைவிட எளிதான வழி கிடையாது. இருவர் தலைக்கு மேலும் ஒரே வானம், கட்சி வேறுபாடு இல்லை, எதையும் மறைக்க வேண்டியதில்லை. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் 'இப்போதைக்கு விடாது போலிருக்கே' என்று சொல்லிப் பாருங்கள். பேச விருப்பமில்லாதவர் தலையாட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். விருப்பமுள்ளவர் எங்கே போக வேண்டும், யார் காத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்குவார். நீங்களும் சொல்லுங்கள்.